கண்ணீர் நின்ற பதிப்பு

உப்போடையில் கண்ணீர் நின்று மூன்று மாதம் ஆன பிறகுதான், அது எந்தத் தேதியில் நின்றது என்று கேட்க எங்களுக்குத் தோன்றியது. அதுவரை நின்றதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. உப்பளத்தை நம்பிப் பிழைக்கிற கடலோர ஊர் இது. மழை ஒரு வருஷம் வரும், ஒரு வருஷம் வராது, வந்தால் விளைந்த உப்பு கரையும், வராவிட்டால் குடிக்கத் தண்ணீர் இருக்காது, இப்படி ஒன்று வருவதும் ஒன்று நிற்பதுமாகவே நாங்கள் வளர்ந்தவர்கள். கண்ணீரும் அந்த வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டது.

முதன்முதலில் தெரியவந்தது பால்காரர் தங்கையாவின் தாயார் செத்த அன்று. தொண்ணூறு வயதுக் கிழவி, நாலு பெண்மக்கள், நாலு பேரும் உள்ளூரிலேயே வாக்கப்பட்டவர்கள், நாலு பேரும் தெருமுனையிலிருந்தே தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடிவந்து கிழவியின் காலைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். பாட்டு வந்தது, குரல் வந்தது, மூக்கைக்கூட உறிஞ்சினார்கள், கண் மட்டும் காய்ந்து கிடந்தது. மூத்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு முந்தானையைப் பார்த்தாள், பிறகு தங்கச்சியின் முந்தானையை இழுத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒனக்கும் வரலியா?"

"வரலியே அக்கா. நானும் நெனச்சு நெனச்சுப் பாக்கேன், வரமாட்டேங்கு."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அவரவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். யாருக்கும் வரவில்லை. கிழவியை எடுத்துக்கொண்டு போனார்கள், நாங்கள் குளித்துவிட்டு வந்து சாப்பிட்டோம்.

அதன் பிறகு ஊர் பழகிக்கொண்ட வேகத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் விழுந்த பிள்ளைகள் வாயைப் பிளந்து கத்திவிட்டு, கண்ணைத் தொட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லையே என்று குழம்பி, பாதியில் நிறுத்திவிட்டு விளையாடப் போனார்கள். கல்யாண வீடுகளில் சமையல்காரர்கள் மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயம் உரித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். சாவு வீட்டு வாசலில் ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு சின்னக் கரண்டியும் வைக்கிற வழக்கம் ஆடி மாதத்திலேயே வந்துவிட்டது. வருகிறவர்கள் கரண்டியால் இரண்டு சொட்டு எடுத்துக் கண்ணுக்குக் கீழே விட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஆவணிக்குள் அதற்கு முறை வந்துவிட்டது, தாய்மாமன் வீட்டுச் சொம்புதான் முதலில் வரவேண்டும், சம்பந்தி வீட்டுச் சொம்பு பித்தளையாக இருக்கவேண்டும், பிளாஸ்டிக் சொம்பில் கொண்டுவந்தால் அவமரியாதை. வடக்குத் தெருவில் சொம்பு முந்தியா பிந்தியா என்று இரண்டு வீட்டுக்காரர்கள் பிணத்தை வைத்துக்கொண்டே மல்லுக்கட்டினார்கள்.

சிரமமும் இருந்தது. அளத்தில் வெயில் உப்பில் பட்டு எதிரே அடிக்கும்போது முன்பெல்லாம் கண் தானாகக் கலங்கி அந்தக் கூச்சத்தைக் கழுவிவிடும். இப்போது மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தல், மாலையில் வீடு திரும்புகிற எல்லாருக்கும் கண் செக்கச்செவேலென்று. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். அதையும் பழகிக்கொண்டோம்.

பழகிக்கொள்ள முடியாதது ஒன்றே ஒன்றுதான், அது பொன்ராணி விஷயம்.

பால்காரர் வீட்டுச் சாவுக்குப் பதினோரு நாளைக்கு முன்னால், ஆனி பதினொன்று வியாழக்கிழமை, செந்தூர்பாண்டி செத்திருந்தான். அளத்தில் மேஸ்திரி. மலைபோல் குவித்துவைத்திருந்த உப்பு அம்பாரம் சரிந்து மேலே விழுந்து, தோண்டி எடுப்பதற்குள் மூச்சு போய்விட்டது. ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷன் என்பார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு முதல் ஆளாக வந்து நிற்பான், வழியில் யாரைக் கண்டாலும் சிரித்துப் பேசாமல் போகமாட்டான், நானே அவன் கையால் எத்தனையோ முறை கோயில் பாயசம் வாங்கிக் குடித்திருக்கிறேன். அன்றைக்கு ஊரே அந்த வீட்டில் திரண்டிருக்க, அவன் பெண்சாதி பொன்ராணி நடுவீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டு விடவில்லை. சத்தமும் போடவில்லை. மாமியார் சண்முகக்கனி மாரில் அடித்துக்கொண்டு, "எம்புள்ள போயிட்டான், இவ உக்காந்திருக்கத பாத்தியளா, பஸ்ஸுக்குக் காத்திருக்க மாதிரி உக்காந்திருக்கா" என்று கத்தினாள். அன்று சாயங்காலத்துக்குள் பொன்ராணிக்குக் கல்லு என்று பெயர் வைத்துவிட்டோம். வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

பிறகு ஊருக்கே கண்ணீர் இல்லை என்று தெரிந்ததும், நியாயம் பேசுகிற இரண்டொருவர், அன்றைக்கே நின்றுபோயிருக்கலாமே, பாவம் அவளுக்கு எப்படி வரும் என்றார்கள். உடனே நாங்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டோம். அது எப்படி, நான் அழுதேனே, முந்தானை பிழியப் பிழிய அழுதேனே என்றாள் கொத்தனார் பெண்சாதி. எனக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது, கன்னத்தில் சூடாக இறங்கியது ஞாபகம் இருந்தது. சண்முகக்கனி, "பெத்தவ நான் அழலேன்னு சொல்ல எவனுக்கு நாக்கு இருக்கு?" என்று தெருவில் நின்று கேட்டாள். சாவை யாரோ செல்போனில் பிடித்த வீடியோ இருந்தது, ஆனி வெயிலில் எல்லார் முகமும் நனைந்துதான் தெரிந்தது, வேர்வையா கண்ணீரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

சண்முகக்கனி பொன்ராணியைச் சமையலறைக்குள் விடவில்லை. புரட்டாசியில் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, புருஷன் செத்ததுக்கு அழாதவள் என் வீட்டில் இருக்கக் கூடாது, ஊர்தான் அவளை அனுப்பிவைக்க வேண்டும் என்று கேட்டாள். பொன்ராணிக்கு ஒன்பது வருஷமாகப் பிள்ளை இல்லை, தாய் தகப்பன் இல்லை, சாலைப்புதூரில் ஒரு அக்கா இருந்தாள், அவ்வளவுதான் போக்கிடம். ஊர்த்தலைவர் அருணகிரி தாடியைத் தடவிக்கொண்டு, கண்ணீர் நின்றது சாவுக்கு முன்னாலா பின்னாலா என்று தெரியாமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது என்றார். முன்னால் என்றால் அவள் மேல் குற்றமில்லை, இருக்கட்டும். பின்னால் என்றால் போகட்டும். கூட்டம் முழுக்க அதைச் சரி என்றது.

அப்போதுதான் வடிவு எழுந்தாள்.

வடிவு செத்துப்போன செந்தூர்பாண்டியின் தங்கச்சி. முப்பத்திரண்டு வயது, கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். அதே வீட்டின் மேற்குக் கடைசி அறையில் இரண்டு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு கம்பெனிக்கு வேலை பார்ப்பாள். செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் இன்டர்நெட் பக்கங்களைத் திறந்து காட்டுகிற பிரவுசர் இருக்கிறதே, அதில் சிட்டு என்று ஒன்று. எங்கள் ஊரில் ரேஷன் கடையிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் எல்லாரிடமும் அதுதான். கம்பெனிக்காரர்கள் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை அதில் எதையாவது மாற்றிப் புதுப் பதிப்பு விடுவார்கள், மாற்றினதில் எது கெட்டுப்போனது என்று கண்டுபிடித்துப் புகார் எழுதுவது வடிவின் வேலை. பழைய பதிப்புகளை எல்லாம் அவள் பத்திரமாக வைத்திருப்பாள். ஒருநாள் ஏதோ காரியமாகப் பங்குனி மாதப் பதிப்பு ஒன்றைத் திறந்துவிட்டு, மேஜைமேல் இருந்த அண்ணன் படத்தை நிமிர்ந்து பார்த்தபோது அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. மூடினாள், நின்றுவிட்டது. திறந்தாள், வந்தது. அவளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, பதிப்பு மாறும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுபோவது அவள் தொழிலில் தினமும் நடப்பதுதான்.

"எந்தப் பதிப்புல நின்னுதுன்னு நான் கண்டுபிடிச்சுத் தாரேன்" என்றாள் கூட்டத்தில். "அது நம்ம ஊருக்கு வந்து எறங்கின தேதி மிஷின்லயே இருக்கும். அதுதான் கண்ணீர் நின்ன தேதி."

"எத்தன பதிப்பு இருக்கு தாயி?" என்றார் அருணகிரி.

"பங்குனியில வாட்ச்மேன் சூசை செத்தப்ப ஊரே அழுதிருக்கு, வீடியோவுல ஒவ்வொரு சொட்டும் தெரியுது. பால்காரர் வீட்டுச் சாவுல யாருக்கும் வரல. அந்த ரெண்டுக்கும் நடுவுல ஐநூறு இருக்கும்."

"ஐநூறையும் பாக்க அடுத்த கொடை வந்துருமே."

"ஒம்போது தடவ பாத்தா போதும். அறுவது பாத்தி வரிசையில எங்கயோ நல்ல தண்ணி கலந்துட்டா, ஒண்ணொண்ணாவா நக்கிப் பாப்பிய? நடுப் பாத்தியில வெரல விட்டு நாக்குல வப்பிய. அது சரியா இருந்தா கோளாறு அதுக்குக் கீழ. சரியில்லன்னா அதுக்கு மேல. அப்புறம் அந்தப் பாதிக்கு நடுவுல. இதுவும் அப்பிடித்தான். ஒரு எடத்துல மாறியிருக்கும், அதுக்கு முன்ன எல்லாம் நல்லது, பின்ன எல்லாம் கெட்டது."

உப்பளத்துக்காரர்களுக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் சண்முகக்கனி விடவில்லை. மதினிக்கும் நாத்தனாருக்கும் நல்ல ஒட்டு, வடிவு கையால் செய்தால் அவள் பக்கம் சாய்த்துவிடுவாள், இதில் மனுஷக் கை படக் கூடாது என்றாள். வடிவு சரி என்றாள். பதிப்பை எடுப்பது, திறப்பது, பார்ப்பது, நல்லதா கெட்டதா என்று முடிவு செய்வது, மூடுவது, அடுத்ததைத் தேர்ந்தெடுப்பது எல்லாவற்றையும் மிஷினே செய்துகொள்ளும்படி எழுதிவைப்பதாகவும், யார் கண்ணுக்கும் தெரியாமல் தேதியை மறைத்துவைப்பதாகவும் சொன்னாள். ஒரே ஒரு மனுஷர் மட்டும் வேண்டும். அழக்கூடிய ஒருவர்.

வடிவு மதினியைத்தான் முதலில் கேட்டாள். பொன்ராணி சொளகில் அரிசி புடைத்துக்கொண்டே, "என்ன மிஷினுக்கு முன்னால உக்கார வைக்காத வடிவு" என்று மட்டும் சொன்னாள்.

"நான் உக்காருதேன்" என்றாள் சண்முகக்கனி. "எம்புள்ளய நெனச்சா எனக்குத் தானா வரும். நான் எப்ப அழுதேன் எப்ப நின்னுதுன்னு ஊரு பாக்கட்டும்."

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, அளத்து வேலை முடிந்து எல்லாரும் திரும்புகிற நேரத்தில், அந்த மேற்குக் கடைசி அறையில் பெண்கள் இருபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம், ஆண்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். சண்முகக்கனி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே திரையில் மகன் படம், அதற்கு மேலே கேமரா, கேமரா அவள் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வடிவு ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

முதல் பதிப்பு திறந்தது. சண்முகக்கனி மகன் முகத்தைப் பார்த்தாள், உதடு கோணியது, மூன்று மாதமாகக் கட்டிக் கிடந்தது பொலபொலவென்று இறங்கியது, "ஏ ராசா" என்று அவள் வாயைத் திறக்கும்போதே மிஷின் நல்லது என்று பச்சை காட்டிவிட்டுப் பதிப்பை மூடிவிட்டது, கண்ணீர் கன்னத்தின் பாதியிலேயே நின்றது. இரண்டாவது திறந்தது, அதிலும் வந்தது, வந்த உடனே மூடியது. மூன்றாவதில் வரவில்லை, அவள் படத்தைப் பார்த்தாள், கண்ணைக் கசக்கினாள், மகன் பிறந்ததைச் சொன்னாள், பேதியில் பிழைத்ததைச் சொன்னாள், மிஷின் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கெட்டது என்று சிவப்புக் காட்டியது. நான்காவதில் மறுபடி வந்தது.

"ஒரு நிமிசம் விடுட்டி" என்றாள் சண்முகக்கனி. "ஒரே ஒரு நிமிசம். அழுதுக்கிடுதேன்."

மிஷின் மூடிவிட்டது.

ஐந்தாவதிலும் அப்படித்தான். "ஏட்டி வடிவு, நிறுத்தச் சொல்லுட்டி இத. புள்ளய பாத்து அழ விடுட்டி." வடிவின் கை நிறுத்துகிற பொத்தான் வரைக்கும் போனது. ஆனால் மனுஷக் கை படக் கூடாது என்று கேட்டு வாங்கியவளே சண்முகக்கனிதான், தொட்டால் எல்லாம் பாழ், மதினியைக் காப்பாற்ற வேறு வழி கிடையாது. வடிவு கையை மறுபடி கட்டிக்கொண்டாள். அறையில் நாங்கள் யாரும் நிமிரவில்லை. பதிப்பு திறக்கும்போதெல்லாம் எங்கள் கண்ணும் நனைந்தது, மூடும்போதெல்லாம் காய்ந்தது. ஒன்பதாவது முறை முடிந்தபோது சண்முகக்கனி நாற்காலியின் கைப்பிடியை விட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மிஷின் மறைத்துவைத்திருந்த தேதியைக் காட்டியது. கண்ணீரை நிறுத்திய பதிப்பு உப்போடையில் வந்து இறங்கிய நாள் ஆனி ஒன்பது, செவ்வாய்க்கிழமை. செந்தூர்பாண்டி செத்தது ஆனி பதினொன்று, வியாழன்.

கொத்தனார் பெண்சாதி முந்தானையைப் பார்த்துக்கொண்டாள். என் கன்னத்தில் சூடாக இறங்கியது வேர்வைதான் என்று எனக்கு அப்போது தெரிந்தது. சண்முகக்கனி தரையில் இருந்தபடியே மகளை நிமிர்ந்து பார்த்து, "அப்ப நானும் அழலியாட்டி?" என்றாள்.

"யாருமே அழலம்மா" என்றாள் வடிவு. அவள் முகத்தில் மூன்று மாதத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது. "மதினி மேல ஒரு குத்தமும் இல்ல."

ஜன்னலுக்கு வெளியே அருணகிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊர் தப்பாகப் பேசிவிட்டது, அந்தப் பிள்ளை இந்த வீட்டில்தான் இருக்கும் என்று தீர்ப்பைச் சொன்னார். உடனே எங்களுக்கு அவள்மேல் பாசம் பொங்கிவிட்டது. மூன்று மாதமாகப் புருஷனுக்கு அழக் கொடுத்துவைக்காத மகராசி, கூப்பிடுங்கள் அவளை, இந்த நாற்காலியில் உட்கார வையுங்கள், நல்ல பதிப்பைத் திறந்து வையுங்கள், ஆசை தீர அழட்டும் என்று ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினோம். வடிவு கடைசியாக நல்லது என்று வந்த பதிப்பைத் திறந்து, மூடாதபடி நிறுத்தினாள். பொன்ராணியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள்.

பதிப்பு திறந்து கிடந்த அந்த அறையில் அன்றைக்கு நாங்கள் எல்லாரும் அடக்கமாட்டாமல் அழுதோம். சண்முகக்கனி மருமகளின் மடியில் தலையை வைத்துக்கொண்டு மகனுக்கு அழுதாள், பால்காரர் வீட்டு நாலு பெண்களும் கிழவிக்கு அழுதார்கள், நான் என்றைக்கோ போன என் அப்பாவுக்கும் அழுதேன், வெளியே ஆண்கள் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார்கள். பொன்ராணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திரையில் புருஷன் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள், மாமியாரின் தலையை ஒரு கையால் தடவிக்கொடுத்தாள். அவள் கண்ணில் ஒன்றும் வரவில்லை.

ஒவ்வொருவராகக் கவனித்தோம். அழுகை குறைந்து, பிறகு அடங்கிவிட்டது.

"மதினி" என்றாள் வடிவு. "இது நல்ல பதிப்புதான். வரணும் மதினி."

"ஒனக்கு வரும். அத்தைக்கு வரும்" என்றாள் பொன்ராணி. "நான் அவுக உசுரோட இருக்கும்போதே அழுது முடிச்சிட்டேன் வடிவு. இந்தச் சாவுக்குன்னு எங்கிட்ட ஒண்ணும் மிச்சம் இல்ல."

சண்முகக்கனி மடியிலிருந்து தலையை எடுத்தாள்.

"என்ன மதினி சொல்லுதிய?"

"நான் கடைசியா அழுதத நீ பாத்திருக்க. இதே அறையில வச்சு. படம்கூடப் புடிச்ச."

வடிவுக்குப் புரியவில்லை. புரியாமல் திரைப் பக்கம் திரும்பினாள். எந்தப் பதிப்பு எதற்காக விடப்பட்டது என்று அதன் கீழே ஒரு குறிப்பு இருக்குமாம், கண்ணீரை நிறுத்திய பதிப்பின் குறிப்பை அவள் இன்னும் படிக்கவில்லை, தேதியைப் பார்த்த சந்தோஷத்தில் அதை விட்டுவிட்டிருந்தாள். இப்போது படித்தாள். வைகாசியில் உப்போடையிலிருந்து வந்த ஒரு புகாரைச் சரிசெய்ததாகவும், புகார் வந்த ஊருக்கு மட்டும் முதலில் அனுப்பிப் பார்ப்பதாகவும் அதில் எழுதியிருந்தது. புகாரும் கீழேயே இருந்தது. 'பயன்படுத்துபவரின் கண் கலங்கியிருக்கும்போது எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. படிவத்தை நிரப்ப முடியவில்லை. சரிசெய்யவும்.' எழுதியவர் பெயர் வடிவு. கூடவே திரையைப் பிடித்த ஒரு படம் வைத்திருந்தாள்.

அவள் படத்தைத் திறந்தாள். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பெண்கள் வீட்டில் நடக்கிற கொடுமைக்கு அரசாங்கத்துக்கு மனுக் கொடுக்கிற படிவம் அது. பெயர் என்ற இடத்தில் பொன்ராணி. யார் மீது என்ற இடத்தில் செந்தூர்பாண்டி. உறவு என்ற இடத்தில் கணவர். அடுத்த கேள்வி, 'இது எப்போது தொடங்கியது?' அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

"நீ அன்னைக்கு ஹெட்போனக் கழட்டிட்டு வந்து, என்ன மதினி எழுத்து தெரியலியான்னு கேட்ட" என்றாள் பொன்ராணி. அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் கேட்க முடியவில்லை. "ஆமா தெரியலன்னேன். அப்ப இது மிஷின் கோளாறு மதினி, நான் சொல்லி சரி பண்ணிருதேன்னு படம் புடிச்சுக்கிட்ட. நானும் எந்திரிச்சுப் போயிட்டேன்."

வடிவு திரையின் மேல் கையை வைத்தபடி நின்றாள். அவள் கன்னத்தில் நீர் ஓடியது, அந்தப் பதிப்பு இன்னும் திறந்துதான் இருந்தது.

"எப்ப மதினி?" என்றாள். "எப்ப தொடங்குச்சு?"

"கல்யாணமாகி நாலாம் நாளு. மறுவீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்த அன்னைக்குச் சாயங்காலம்." சற்று நிறுத்திச் சொன்னாள். "இதுக்கு மிஷின் எதுக்கு வடிவு? கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே."

சண்முகக்கனி எழுந்து, நடுவீட்டைத் தாண்டி, மருமகளை மூன்று மாதமாக விடாத சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

நான் இதுவரை சொல்லாமல் வந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் அடுத்த வீடு என்னுடையது. நடுவில் சுவர் ஒன்றுதான். ஒன்பது வருஷமாக என் பக்கம் டிவி சத்தத்தை எதற்காகக் கூட்டி வைத்தேன் என்று எனக்குத் தெரியும். கிணற்றடியில் பொன்ராணியின் முழங்கைக் காயத்தை நான் காட்டிக் கேட்டபோது உப்பு அறுத்ததாகச் சொன்னாள், அளத்துக்கே போகாதவளுக்கு உப்பு எப்படி அறுக்கும் என்று நான் கேட்கவில்லை. கோயில் பாயசம் நன்றாக இருந்தது, அவன் நல்ல மனுஷன் என்று நானும் ஊரோடு சேர்ந்து சொன்னேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமைக் காலை பொன்ராணி ஒரு பையை எடுத்துக்கொண்டு சாலைப்புதூர் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். இருக்கலாம் என்று ஊர் தீர்ப்புச் சொன்ன வீட்டை விட்டு அவளாகத்தான் கிளம்பினாள். நாங்கள் பெண்கள் கண்ணுக்குக் கீழே விட்டுக்கொள்ள முறைப்படி சொம்பும் கரண்டியுமாகப் பஸ் நிறுத்தம் வரைக்கும் போனோம், பித்தளைச் சொம்புதான். அவள் அதைப் பார்த்துவிட்டு, "அதத் தரையில ஊத்தாதிய, எங்க வாசல்ல ஒரு முருங்கக் கன்னு வச்சிருக்கேன், அதுக்கு ஊத்துங்க" என்றாள். வடிவு பையை ஏற்றிவிட்டுக் கீழே நின்றாள். பஸ் போய்விட்டது.

வடிவு அன்றைக்கே கம்பெனிக்கு எழுதினாள். எந்தப் பதிப்பு, எந்தத் தேதி என்பதை எல்லாம் வேலைக்கு வேண்டிய முறையில் எழுதிவிட்டுக் கடைசியில், 'சரிசெய்தவர் மேல் தவறில்லை. புகார்தான் தவறு. அன்று நான் பார்க்க வேண்டியிருந்தது எழுத்தை இல்லை' என்று சேர்த்தாளாம். அவர்கள் அதற்குப் பதில் எதுவும் எழுதவில்லை. எட்டு நாள் கழித்துப் புதுப் பதிப்பு வந்தது, அதுவும் செவ்வாய்க்கிழமைதான், காலை பதினொன்றரை மணி.

அளத்தில் நின்றவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மூன்று மாதமாக விழுந்த அடிகளுக்கெல்லாம் சேர்த்து அழுதார்கள். தெரு முழுக்கச் சத்தம். நான் அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், கண் எரிந்து, பிறகு நிறைந்து, பிறகு நிற்காமல் போனது. அரிவாள்மனையை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்து டிவியை நிறுத்தினேன். அந்த வீட்டுச் சுவருக்குப் போய், ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் காதை அதில் வைத்தேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.